இரத்தம் சொல்லும் சாட்சி

மாரடைப்பு என்றதும் நம் மனக்கண்முன் ஒரு காட்சி தோன்றும். நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு, வியர்வை பெருக, வேதனையால் துடிக்கும் ஒருவருடைய தோற்றம் அது. நாடகங்களிலும் சினிமாவிலும் மாரடைப்பு எப்போதும் இவ்வாறே வருகிறது. ஆனால் நீரிழிவு நோயாளர் பலருக்கு அது இப்படி வருவதில்லை. பல்லாண்டுகள் இரத்தத்தில் மிகுந்திருந்த சர்க்கரை, பாதங்களின் நரம்புகளை மரத்துப் போகச் செய்வது போலவே, இருதயத்திலிருந்து வலியுணர்ச்சியை எடுத்துச் செல்லும் மெல்லிய நரம்புகளையும் பழுதாக்கி விடுகிறது. ஆகவே, இருதயத் தசையின் ஒரு பகுதி இரத்தம் பெறாமல் மடிந்துகொண்டிருக்கும் வேளையிலும், அம்மனிதர், “சற்றே மூச்சு வாங்குகிறது, நேற்று உண்டது ஒத்துக்கொள்ளவில்லை போலும்” என்று சொல்லிக்கொண்டு சாய்வு நாற்காலியில் அமர்ந்திருப்பார்.

வலி துன்பந்தான், எனினும் அது வீட்டு வாயிலில் நிற்கும் காவற்காரனும் ஆகும். காவற்காரன் உறங்கிவிட்ட வீட்டில் என்ன நேர்ந்தது, இனி என்ன நேரக்கூடும் என்பதை வேறு யாரிடமேனும் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. அவ்வாறு நாம் கேட்கும் சாட்சிகளுள் ஒன்று இரத்தம். மாரடைப்புற்ற நீரிழிவு நோயாளரின் வருங்கால நிலையை இரத்தத்திலுள்ள எந்தப் பொருள்கள் முன்கூட்டி உணர்த்துகின்றன, அவற்றின் கூற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இது யாரோ சிலருக்கு மட்டும் உரிய செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தன. அதன்படி 2021-இல் நம் நாட்டில் நீரிழிவு உடையவர் தொகை ஏறக்குறைய 10 கோடியே 10 லட்சம். இத்தனை பேருக்கும் இருதயம் என்ற ஒன்று இருக்கிறதல்லவா?

நீரிழிவுக்கும் இருதயத்துக்கும் உள்ள உறவைத் தெளிவாக உணர்த்திய ஆராய்ச்சிகளுள் பின்லாந்து நாட்டில் நடந்த ஒன்று புகழ் பெற்றது. அதன் முடிவு 1998-இல் வெளியாயிற்று. ஏழாண்டுக் காலத்தில், முன்பு மாரடைப்பே வராத நீரிழிவு நோயாளர் 100 பேரில் 20 பேருக்கு மாரடைப்பு வந்தது. நீரிழிவு இல்லாமல், முன்பே ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடையே அத்தொகை ஏறத்தாழ 19. நீரிழிவும் இருந்து, முன்பு மாரடைப்பும் வந்திருந்தால் அது 45 ஆக உயர்ந்தது. பின்னர் வந்த பெரிய ஆராய்ச்சிகள் இக்கணக்கைச் சற்றுத் தளர்த்தியுள்ளன. நீரிழிவு உடையோர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது என்று அவை கூறின. நான் சொல்ல வந்ததும் அதுவே. ஒரே தட்டில் வைக்கலாகாது என்றால், ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிவது எவ்வாறு?

இருதயத் தசை மடியும்போது அதன் உயிரணுக்களின் சுவர் உடைகிறது. உள்ளே இருந்த பொருள்கள் கசிந்து இரத்தத்தில் கலக்கின்றன. இந்த எளிய உண்மையைப் பயன்படுத்தி, 1954-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் லாடு, விரோப்லெவ்ஸ்கி, கார்மென் என்னும் மூவர், மாரடைப்புக்குப் பின் இரத்தத்தில் ஒரு நொதிப் பொருள் ஏறுவதைக் காட்டினர். எஸ்.ஜி.ஓ.டி. என்று கல்லீரல் பரிசோதனைச் சீட்டுகளில் காணப்படுகிறதே, அதுதான் அது. அது கல்லீரலுக்கும் சொந்தம், கை கால் தசைகளுக்கும் சொந்தம். எனவே அதன் சாட்சியம் குறுக்கு விசாரணையில் நிற்கவில்லை.

நிற்கக்கூடிய சாட்சி பின்னர்க் கிடைத்தது. 1960-களில் ஜப்பானிய விஞ்ஞானி எபாஷி, தசை சுருங்கி விரிவதை ஆளும் ட்ரோபோனின் என்னும் புரதத்தைக் கண்டறிந்தார். இருதயத் தசையில் உள்ள ட்ரோபோனின் மற்றத் தசைகளில் உள்ளதினின்று அமைப்பில் சிறிது வேறுபட்டது. அவ்வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு, 1980-களின் இறுதியில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் காட்டுஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அதனை இரத்தத்தில் அளக்கும் முறையை வகுத்தனர். இன்று மாரடைப்பை உறுதி செய்வதற்கு இதுவே முதற்கருவி.

ஆயின் நீரிழிவு நோயாளரிடம் இதைப் படிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மற்றவர் பலரிடம், நன்கு கூர்மையான முறையில் அளந்தாலும், ட்ரோபோனின் மிகச் சொற்ப அளவிலேயே காணப்படும். நீண்ட கால நீரிழிவினரிடமும், குறிப்பாகச் சிறுநீரகம் தளர்ந்தவரிடமும், புதிய மாரடைப்பு எதுவும் இல்லாதபோதே அது வரம்பைத் தாண்டி நிற்கக்கூடும். எனவே ஒரு முறை எடுத்த எண்ணைக் கொண்டு ‘மாரடைப்பு’ என்றோ ‘இல்லை’ என்றோ தீர்ப்பளிக்க முடியாது. சில மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து, எண் ஏறுகிறதா, இறங்குகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறி இறங்கினால் புதிய காயம். அசையாமல் நின்றால் பழைய தேய்வு. “காலையில்தானே ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் எதற்கு?” என்று சினம் கொள்ளும் உறவினர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.

அசையாமல் நின்றாலும் அது அற்பச் செய்தியன்று. 2015-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், நீரிழிவும் இருதய இரத்தக் குழாய் நோயும் உடைய, ஆனால் அப்போது மாரடைப்பில் இல்லாத 2,285 பேருடைய இரத்தம் சோதிக்கப்பட்டது. அவர்களுள் 897 பேருக்கு ட்ரோபோனின் அளவு லிட்டருக்கு 14 நானோகிராம் என்னும் வரம்பை எட்டியோ கடந்தோ இருந்தது. ஐந்தாண்டுகளுக்குள் மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் மரணம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானோர், இந்த வகுப்பினரில் 100-க்கு 27 பேர். வரம்புக்குள் இருந்தவர்களில் 100-க்கு 13 பேர். இரு மடங்கு வேற்றுமை!

நல்லது, ஆபத்து யாருக்கு என்று தெரிந்துவிட்டது. உடனே அவர்களுடைய இரத்தக் குழாய் அடைப்பை நீக்கிவிட்டால் அபாயம் குறைய வேண்டுமன்றோ? அதையும் அந்த ஆராய்ச்சி பார்த்தது. உடனடியாக அடைப்பு நீக்கும் சிகிச்சை பெற்றவருக்கும், மருந்துகளைக் கொண்டே கவனிக்கப்பட்டவருக்கும் இந்த விஷயத்தில் வேற்றுமை காணப்படவில்லை. முன்னறிவிப்பு ஒன்று, பரிகாரம் மற்றொன்று. புயல் வருமென்று சொல்லும் கருவி புயலை நிறுத்துவதில்லை. புதிய பரிசோதனைகளின் விளம்பரங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த ஆராய்ச்சியே நினைவுக்கு வருகிறது.

அடுத்து, நாம் எல்லோரும் அறிந்ததும், மிக மலிவானதும், ஆனால் மிகத் தவறாகப் படிக்கப்படுவதுமான சாட்சிக்கு வருகிறேன். அது இரத்தச் சர்க்கரைதான்.

மாரடைப்பு நேரும்போது உடல் அதைப் பெரும் போராகவே கருதுகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் பெருகுகின்றன. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வாரி இறைக்கிறது. இன்சுலினின் ஆட்சி குன்றுகிறது. ஆகவே நீரிழிவே இல்லாதவருக்குங்கூட மருத்துவமனைக்கு வரும் நேரத்தில் சர்க்கரை உயர்ந்திருக்கலாம். காயம் பெரிதாயின் அதிர்ச்சி பெரிது. அதிர்ச்சி பெரிதாயின் சர்க்கரையும் பெரிது. 2000-ஆம் ஆண்டில், அதுவரை வெளிவந்த பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை, வியப்பான செய்தி ஒன்றைக் கூறிற்று. நீரிழிவு இல்லாதவர்களில், வந்த நேரத்தில் சர்க்கரை உயர்ந்திருந்தோர் மருத்துவமனையில் இறக்கும் அபாயம், உயராதவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய நான்கு மடங்கு. நீரிழிவு உள்ளவர்களிலோ, சர்க்கரை மிக உயர்ந்திருந்தோரின் அபாயம் ஏறக்குறைய 1.7 மடங்கே.

இது எப்படி? சர்க்கரை நீரிழிவினருக்குத் தீங்கு குறைவாகச் செய்கிறது என்பதா பொருள்? அன்று. நீரிழிவினரிடம் அந்த எண் இரண்டு கதைகளைக் கலந்து சொல்கிறது. ஒன்று அன்றைய அதிர்ச்சியின் கதை. மற்றொன்று பல மாதங்களாக இருந்து வரும் வழக்கமான சர்க்கரையின் கதை. இரண்டையும் பிரிக்காத வரையில் சாட்சியம் குழப்பமாகவே இருக்கும்.

பிரிப்பதற்கு வேண்டிய கருவி ஈரான் நாட்டில் பிறந்தது. 1968-இல் டெஹரானில் சாமுவேல் ராபர் என்னும் ஆராய்ச்சியாளர், நீரிழிவு நோயாளரின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் வழக்கத்துக்கு மாறான ஒரு வகை மிகுந்திருப்பதைக் கண்டார். இரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை சிறிது சிறிதாக ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. எனவே ஒட்டிய சர்க்கரையின் அளவு, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிக் கணக்கைக் காட்டுகிறது. இன்று ஹெச்.பி.ஏ.1சி என்று சோதனைச்சாலைச் சீட்டில் வருவது இதுவே. ஒரு நாள் பட்டினி கிடந்து இதனை ஏமாற்ற முடியாது. பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் இனிப்பைத் துறக்கும் நண்பர்கள் இதை அறிந்து வருந்துவதுண்டு!

இந்த எண்ணை 28.7 ஆல் பெருக்கி, வந்த தொகையிலிருந்து 46.7 ஐக் கழித்தால், அவருடைய வழக்கமான சராசரிச் சர்க்கரை மில்லிகிராம் கணக்கில் கிடைக்கும். இக்கணக்கு 2008-இல் வகுக்கப்பட்டது. இனி, அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும் இருவரைக் கற்பனை செய்து பார்ப்போம். இருவருக்கும் நீரிழிவு, இருவருக்கும் மாரடைப்பு, இருவருக்கும் வந்த நேரத்தில் சர்க்கரை 220. சீட்டை மட்டும் பார்ப்பவர் இருவர் நிலையும் ஒன்றே என்பார். முதலாமவரின் ஹெச்.பி.ஏ.1சி 6.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வழக்கமான சர்க்கரை 140. அன்று அது ஒன்றரை மடங்குக்கு மேல் பாய்ந்திருக்கிறது. இரண்டாமவரின் ஹெச்.பி.ஏ.1சி 9.5. அவருக்கு வழக்கமே 226. அன்றைய 220 அவருக்கு ஏற்றமே அன்று!

220 என்ற ஒரே எண் ஒருவரிடம் பெரிய அதிர்ச்சிக்கு அடையாளம். மற்றவரிடம் பழைய கவனக்குறைவுக்கு அடையாளம். இவ்வாறு அன்றைய சர்க்கரையை வழக்கமான சர்க்கரையால் வகுத்துப் பார்க்கும் முறையை 2015-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் எடுத்துரைத்தனர். கடும் நோயுற்று வந்தவர்களில், வெறும் சர்க்கரை எண்ணைவிட இந்த விகிதமே நோயின் கடுமையோடு ஒத்துப்போயிற்று என்பது அவர்கள் கண்டது. அதன்பின் மாரடைப்பு நோயாளரிடமும் பல நாடுகளில் இது பார்க்கப்பட்டு வருகிறது. எந்த விகிதத்துக்கு மேல் அபாயம் என்று அனைவரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு இன்னும் இல்லை. ஆயினும், ஒருவரின் எண்ணை அவருடைய பழைய எண்ணோடே ஒப்பிட வேண்டும் என்ற இக்கருத்து எனக்கு மிகவும் பிடித்தமானது. நம் பாட்டிமார் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துக் காய்ச்சலை அறிந்ததும், அந்தக் குழந்தையின் வழக்கமான சூட்டை அவர்கள் கை அறிந்திருந்ததனால்தானே?

இதற்கு ஒரு எச்சரிக்கையும் கூற வேண்டும். இரும்புச் சத்துக் குறைவால் சோகை உற்றவரிடம் ஹெச்.பி.ஏ.1சி உள்ளதைவிட உயர்ந்து காட்டக்கூடும். சிவப்பணுக்கள் விரைந்து அழியும் நோயிலும், பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்ட பின்னும் அது தாழ்ந்து காட்டும். நம் நாட்டில், அதிலும் பெண்களிடையே, சோகை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நினைத்தால், ஹீமோகுளோபின் அளவைப் பாராமல் இந்த எண்ணை மட்டும் படிப்பது பொருந்தாது.

சர்க்கரையைப் பற்றிய வேறொரு செய்தியையும் விட்டுவிட மனமில்லை. சுவீடனில் நடந்து 2002-இல் வெளியான ஆராய்ச்சியில், நீரிழிவு இருப்பதாக யாரும் அறிந்திராத 181 மாரடைப்பு நோயாளர்கள், வீடு திரும்பும் தறுவாயில் சர்க்கரைக் கரைசல் அருந்தச் செய்து சோதிக்கப்பட்டனர். 100-க்கு 31 பேருக்கு நீரிழிவே இருந்தது. மேலும் 35 பேருக்கு அதற்கு முந்திய நிலை இருந்தது. மூன்றில் இருவர்! ‘எனக்குச் சர்க்கரை இல்லை’ என்று நாம் உறுதியாகக் கூறுவது, பல சமயம், ‘நான் சோதித்துப் பார்த்ததில்லை’ என்பதன் மறு வடிவமே.

சரி, உயர்ந்த சர்க்கரை தீய அறிகுறியாயின், அதை விரட்டி இறக்கிவிட்டால் நோயாளர் பிழைப்பாரா? இதே சுவீடனில் 1995-இல் 620 நோயாளர்களைக் கொண்டு வெளிவந்த முதல் ஆராய்ச்சி ஆம் என்றது. இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றிப் பின்னர் ஊசியாகத் தொடர்ந்தவர்களில் ஓராண்டு முடிவில் இறந்தோர் 100-க்கு 18.6, வழக்கமான சிகிச்சையில் 26.1. மருத்துவ உலகம் மகிழ்ந்தது. 2005-இல் 1,253 பேரைக் கொண்ட இரண்டாம் ஆராய்ச்சியோ, மூன்று வகைச் சிகிச்சைகளுக்குள் வேற்றுமை இல்லை என்றது. அதில் மூன்று கூட்டத்தாரின் சர்க்கரையும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தமையால், வழக்கு முடிவின்றி நின்றது என்றே சொல்ல வேண்டும். 2009-இல், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த பலவகை நோயாளர் 6,000-க்கு மேற்பட்டோரிடம் சர்க்கரையை மிகக் கண்டிப்பாக இறக்கிப் பார்த்தபோது, மரணம் குறைவதற்குப் பதிலாகச் சற்று மிகுந்தது. ஆகவே இன்று, மிக உயர்ந்ததைத் தணிக்கிறோம். ஆனால் தாழ்சர்க்கரை வந்துவிடாதபடி காக்கிறோம். பசியால் துடிக்கும் இருதயம் சீர்கெட்டுத் துடிக்கத் தொடங்கிவிடும்.

மூன்றாம் சாட்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1988-இல் ஜப்பானில் பன்றியின் மூளையிலிருந்து ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்து, அதற்கு மூளையின் பெயரையே சூட்டினர். பின்னர்தான் அதை மிகுதியாகச் சுரப்பது இருதயத்தின் கீழறைகள் என்று தெரியவந்தது. பெயர் மட்டும் மாறவில்லை, பி.என்.பி. என்றே வழங்குகிறது. இருதயத்தின் சுவர், தாங்கமுடியாத சுமையால் இழுபடும்போது இப்பொருள் பெருகுகிறது. ட்ரோபோனின் எவ்வளவு தசை மடிந்தது என்பதைச் சொன்னால், பி.என்.பி. எஞ்சிய தசை எவ்வளவு திணறுகிறது என்பதைச் சொல்கிறது. மாரடைப்புக்குப் பின் நீரிழிவினர் எதிர்கொள்ளும் பெரிய ஆபத்து இருதயத் தளர்ச்சியே ஆதலால், அவர்கள் விஷயத்தில் இதன் முன்னறிவிப்பு மிக வலிமையானது. ஆனால் பருமனானவரிடம் இது தாழ்ந்து காட்டும். சிறுநீரகம் பழுதானவரிடம் உயர்ந்து காட்டும். நீரிழிவினரில் பலர் இவ்விரண்டில் ஒன்றாகவோ இரண்டாகவோ இருக்கிறார்கள்!

இந்த அளவைக் கொண்டு செயலில் இறங்கிப் பயன் கண்டதும் உண்டு. 2013-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இருதய நோய் வெளிப்படாத, ஆனால் இப்பொருளின் இனத்தைச் சேர்ந்த ஒன்று உயர்ந்திருந்த 300 நீரிழிவினரில் ஒரு பாதியினருக்கு, இருதயத்தைக் காக்கும் மருந்துகள் முழு அளவுக்கு உயர்த்தித் தரப்பட்டன. இரண்டாண்டில் அவர்களிடையே இருதய நோயால் மருத்துவமனை சேர்வதும் இறப்பும் மிகவும் குறைந்திருந்தன. சிறிய ஆராய்ச்சிதான். மாரடைப்பு வந்தவர்களைப் பற்றியதும் அன்று. எனினும், முன்னறிவிப்புப் பரிகாரத்துக்கு வழிகாட்டக்கூடும் என்பதற்கு அதை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கிரியாட்டினின் என்ற பழைய, மலிவான பரிசோதனையைப் புதியவற்றின் ஆரவாரத்தில் மறந்துவிடலாகாது. சிறுநீரகத்தின் நிலையை அறியாமல் மேற்சொன்ன இரு சாட்சிகளையும் சரியாகப் படிக்க முடியாது. அதுவன்றி, தளர்ந்த சிறுநீரகமே மாரடைப்பின் முடிவைக் கெடுக்கும் காரணங்களுள் ஒன்று. விலையுயர்ந்த பட்டியலில் உள்ள பத்துப் பரிசோதனைகளுள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், கிரியாட்டினினை நான் கைவிட மாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். நெஞ்சில் வலி ஒன்றுமில்லை. மாடிப்படி ஏறினால் இளைக்கிறது என்றார். இரண்டு முறை எடுத்த ட்ரோபோனினும், இ.சி.ஜி.யும் மாரடைப்பைக் காட்டிவிட்டன. பி.என்.பி. மிக உயர்ந்திருந்தது. அவருடைய மகள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “டாக்டர், நூற்றில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று கேட்கவில்லை. அப்பா பிழைப்பாரா, அதைச் சொல்லுங்கள்” என்றாள்.

எந்தச் சோதனைச்சாலையும் விடை தரமுடியாத கேள்வி அது. நூறு பேரில் 27 பேருக்குத் தீங்கு நேரும் என்றால், 73 பேருக்கு நேராது என்பதும் அதே கணக்கில் அடங்கியிருக்கிறது. நம் முன் படுத்திருப்பவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை மட்டும் அது சொல்வதில்லை. “அம்மா, உன் அப்பாவின் இருதயம் அதிகமாகச் சிரமப்படுகிறது என்று இந்தச் சீட்டு சொல்கிறது. ஆகையால் மற்றவரை மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பினால், இவரைச் சில நாள் கூடுதலாக வைத்துக்கொள்வேன். மற்றவரை ஒரு மாதம் கழித்து வரச்சொன்னால், இவரை ஒரு வாரத்தில் வரச்சொல்வேன். காலில் வீக்கம் கண்டாலும், இரவில் தலையணையை உயர்த்திக்கொள்ள நேர்ந்தாலும் அன்றே அழைத்து வா” என்றேன். எண்ணைக் கேட்டு அவள் அழுதிருக்கக்கூடும். செய்யவேண்டியவற்றைக் கேட்டதும், கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக்கொள்ளத் தொடங்கினாள்.

இத்தகைய நோயாளர் உள்ள வீட்டார்க்கு இரண்டு வேண்டுகோள்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது, வந்த நேரத்துச் சர்க்கரை, ஹெச்.பி.ஏ.1சி, ஹீமோகுளோபின், கிரியாட்டினின், இரண்டு முறை எடுத்த ட்ரோபோனின், எடுத்திருந்தால் பி.என்.பி. ஆகியவை தேதியுடன் குறித்த சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்த ஊரில், எந்த நள்ளிரவில், எந்த மருத்துவரிடம் செல்ல நேர்ந்தாலும், இப்போது எடுக்கும் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வேறு ஆதாரம் கிடைக்காது. பழைய சீட்டுகளைத் தண்ணீர்க் கட்டணச் சீட்டோடு சேர்த்துக் கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள். மற்றொன்று, நீரிழிவு இல்லை என்று எண்ணியிருந்தவருக்கு மாரடைப்பு வந்து தேறியிருந்தால், அதிர்ச்சியெல்லாம் அடங்கிய பின், மூன்று மாதம் கழித்து, அவருடைய சர்க்கரையை ஒருமுறை முறைப்படி சோதிக்கச் செய்யுங்கள்.